மகேஷ்சந்திரரின் கறுப்புக் காய்கள்

வார இறுதி செஸ் போட்டிகளில் அடுத்த சுற்றுக்கான ஜோடிப் பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் கூட்டம் மொய்க்கும். கறுப்புக் காய் விழுந்திருக்கிறது என்று தெரிந்தவர்களின் முகம் கொஞ்சம் வாடும். எதிராளி ஒரு அடி முன்னால் போய்விட்டார், இனி டிரா கிடைத்தாலே போதும் என்று உட்காருவதற்கு முன்பே பாதி ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுவார்கள். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்பின் பொது அறையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருகிறேன். கறுப்பென்றால் பயப்படுகிற பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது உலகச் சாம்பியன்களின் ஆட்டங்களை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கொல்கத்தாவில் ஒரு ஸ்காட்லாந்து வழக்கறிஞரும் ஒரு வங்காளத்துக்காரரும் ஆடிய கிளப் ஆட்டம் ஒன்றைத்தான்.

வழக்கறிஞர் ஜான் காக்ரேன் சாதாரண ஆள் இல்லை. 1798-இல் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்திலேயே பாரிஸுக்குப் போய், அக்காலத்தின் பெரிய கைகளான தெஷப்பெல்லையும் லா புர்தொனேயையும் எதிர்த்து ஆடியவர். 1822-இல் செஸ் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1824-இல் லண்டன் கிளப்புக்கும் எடின்பரோ கிளப்புக்கும் இடையே தபால் வழிப் போட்டி தொடங்கியபோது லண்டன் அணியில் இருந்தார். இன்று ‘ஸ்காட்ச்’ என்று அழைக்கப்படும் தொடக்கத்தை அந்தப் போட்டிக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் போட்டி முடிவதற்குள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். நாற்பதுகளின் தொடக்கத்தில் விடுப்பில் லண்டன் போய், அன்றைய இங்கிலாந்தின் முதன்மை ஆட்டக்காரரான ஹோவர்ட் ஸ்டாண்டனோடு ஏராளமான ஆட்டங்கள் ஆடிவிட்டுத் திரும்பினார். மற்றபடி 1869 வரை அவர் வாழ்க்கை இந்தியாவில்தான். பகலில் கோர்ட்டு, ஓய்வு நேரத்தில் கொல்கத்தா செஸ் கிளப்.

அந்தக் கிளப்பில் அவருக்குச் சரிசமமாக ஈடுகொடுக்க ஆள் இல்லை. 1848-இல் ஒரு செய்தி வந்தது: மொபசலில், அதாவது நகருக்கு வெளியே உள்நாட்டில், செஸ்ஸில் தோற்றதே இல்லை என்று பெயரெடுத்த ஒரு பிராமணர் இருக்கிறார் என்று. அவர்தான் மகேஷ்சந்திர பந்தோபாத்தியாய். ஆங்கிலேயர் நாக்குக்கு ஏற்றபடி ‘பானர்ஜி’. அவரைக் கொல்கத்தாவுக்கு அழைத்துவந்தார்கள். முதலில் காக்ரேன்தான் அதிகம் ஜெயித்தார். ஆனாலும் மகேஷ்சந்திரர் கிளப்போடு ஒட்டிக்கொண்டார். ஐரோப்பிய விதிகளில் பழகப் பழக அவர் ஆட்டத்துக்கு வலு ஏறியது. இருவரும் ஆடியவற்றில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் பதிவாகியிருக்கின்றன. சியாம்சரண் கடக் என்ற இன்னொரு வங்காளியும் காக்ரேனோடு மோதியிருக்கிறார்.

மகேஷ்சந்திரர் வளர்ந்தது வேறு விதிகளில். அன்றைய இந்தியச் சதுரங்கம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பொதுவாகப் பார்த்தால் சிப்பாய்க்கு முதல் தடவை இரண்டு கட்டம் தாண்டும் சலுகை கிடையாது, ஒவ்வொரு கட்டமாகத்தான் போக வேண்டும். கோட்டை கட்டுவது என்பதே இல்லை. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரை போலத் தாவலாம். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டினால், எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். எல்லாச் சிப்பாயும் ராணியாகிவிட முடியாது. ஐரோப்பிய முறையை நம்மவர்கள் அறியாமல் இருந்தார்கள் என்பதில்லை. திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி சமஸ்கிருதத்தில் எழுதிய செஸ் நூல் ஒன்று, ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்றபடி ஆங்கிலமாக்கப்பட்டு 1814-இலேயே பம்பாயில் அச்சாகியிருக்கிறது. ஆனால் விதியைத் தெரிந்துகொள்வது எளிது. கையில் ஊறிய பழக்கம் சீக்கிரம் போகாது.

சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நகரும் ஆட்டத்தில் இரண்டு படைகளும் முட்டிக்கொள்ள நேரம் பிடிக்கும். அதனால் தொடக்கத்தில் சண்டைக்குப் போவதில்லை, வீட்டைச் சரிசெய்துகொள்வார்கள். குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அந்த ஓட்டையில் பிஷப்பை வைத்தால் அது மூலையிலிருந்து மூலைவரை நீண்ட கோணலைப் பார்த்துக்கொண்டிருக்கும். செஸ் மொழியில் இதற்கு ‘ஃபியான்கெட்டோ’ என்று பெயர். அன்றைய ஐரோப்பியர்களின் பாடம் நேர்மாறானது: ஈ-சிப்பாய்க்கு ஈ-சிப்பாயை எதிர்நிறுத்து, நடுக்கட்டங்களைப் பிடி, காம்பிட்டில் சிப்பாயைக் கொடுத்துவிட்டு ராஜாவைத் துரத்து. அந்தப் பாடத்தில் கரைகண்டவர் காக்ரேன். எதிரில் உட்கார்ந்தவரோ நடுக்கட்டங்களை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் காத்திருந்தார்.

அன்றைக்கு முதல் நகர்த்தல் வெள்ளைக்கே உரியது என்ற வழக்கம் எல்லா இடத்திலும் உறுதிப்பட்டிருக்கவில்லை. கறுப்பை வைத்துக்கொண்டு முதலில் ஆடுபவர்களும் இருந்தார்கள். ஆகவே இந்தப் பழைய ஆட்டங்களில் ‘கறுப்பு’ என்றால் இரண்டாவதாக ஆடியவர் என்று எடுத்துக்கொள்வதே சரி. கடிகாரமும் கிடையாது. இரட்டை முக செஸ் கடிகாரம் புழக்கத்துக்கு வந்தது 1883 லண்டன் போட்டியில்தான். அதனால் நேர நெருக்கடியில் வந்த தவறு என்று இந்த ஆட்டத்தில் யாருக்கும் சாக்குச் சொல்ல முடியாது.

இனி ஆட்டம். பலகை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காக்ரேன் வெள்ளை. முதல் ஐந்து நகர்த்தல்களுக்குள் ஈ4, டி4, சி4, எஃப்4 என்று நான்கு சிப்பாய்களைத் தோளோடு தோள் சேர்த்து நிறுத்திவிட்டார். கறுப்பு அதே நேரத்தில் டி6, ஜி6, பிஷப் ஜி7, குதிரை எஃப்6, பிறகு கோட்டை. ஐரோப்பியக் கண்ணுக்கு இது பயந்தாங்கொள்ளி ஆட்டமாகத்தான் தெரிந்திருக்கும். இன்று கிளப் பையன் யாரைக் கேட்டாலும் ‘கிங்ஸ் இந்தியன், நான்கு சிப்பாய்த் தாக்குதல்’ என்று பெயர் சொல்லிவிடுவான்.

ஆறாவதாக வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்தது. கறுப்பு பிஷப் ஜி4-க்குப் போய் அதைப் பின்னால் நின்ற ராணியோடு சேர்த்துக் கட்டிப்போட்டது. இன்றைய கணக்கில் இந்த பிஷப் நகர்த்தலே கொஞ்சம் சந்தேகத்துக்குரியதுதான். வெள்ளை அமைதியாக பிஷப்பை ஈ2-இல் வைத்திருந்தால் கட்டு அவிழ்ந்திருக்கும். காக்ரேன் அதை டி3-இல் வைத்தார். தாக்குதல்காரருக்கு அழகான இடம். ஒரே ஒரு குறை. டி4 சிப்பாயைப் பின்னாலிருந்து காத்துக்கொண்டிருந்த ராணியின் பார்வையைச் சொந்த பிஷப்பே மறைத்துவிட்டது. டி4-க்கு எஞ்சிய காவல் எஃப்3 குதிரை. அதுவோ கட்டுண்டு கிடக்கிறது.

மகேஷ்சந்திரர் அடித்தது இங்கேதான். ஏழாவது நகர்த்தல், ஈ5. அதுவரை ஒரு கட்டம் ஒரு கட்டமாக நகர்ந்த சிப்பாய்கள் இப்போது நடுக்கட்டத்திலேயே மோதுகின்றன. வெள்ளை எஃப்-சிப்பாயால் வெட்டினார், கறுப்பு டி-சிப்பாயால் திருப்பி வெட்டினார், வெள்ளை டி5 என்று தள்ளினார். நடுவை அடைத்துவிட்டோம், ஜி7 பிஷப்பின் வாயைக் கட்டிவிட்டோம் என்று காக்ரேன் நிம்மதி அடைந்திருப்பார். அடுத்த நகர்த்தலில் கறுப்புக் குதிரை ஈ4 சிப்பாயை வெட்டியது.

பிள்ளைகளிடம் இந்த இடத்தில் பலகையை அப்படியே விட்டுவிட்டுக் கேட்பேன். “சார், குதிரை சும்மா போகுதே!” என்பார்கள். போகட்டும், வெள்ளையின் சி3 குதிரை அதை வெட்டுகிறது, இப்போது எஃப்5. வெட்டிய குதிரையைச் சிப்பாய் விரட்டுகிறது. அது ஜி5-க்கு ஓடுகிறது. உடனே ஈ4. ஒரே சிப்பாய் டி3 பிஷப்பையும் எஃப்3 குதிரையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நடுவில் அடைபட்டுக் கிடந்த சிப்பாய்கள் இரண்டே நகர்த்தலில் வெள்ளையின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன.

காக்ரேன் திருப்பி அடிக்கத் தெரிந்தவர். ஜி5 குதிரையை ஈ6-க்குத் தூக்கிப் போட்டார். அங்கிருந்து அது ராணி, யானை, பிஷப் மூன்றையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. என் வகுப்பில் பாதிப் பேர் இந்த இடத்தில் ராணியை நகர்த்திவிடுவார்கள். மகேஷ்சந்திரர் ராணியைத் தொடவே இல்லை. சிப்பாயால் எஃப்3 குதிரையை வெட்டினார். காக்ரேன் அந்த ராணியை எடுத்தார். கறுப்புச் சிப்பாய் ஜி2-ஐ வெட்டியது. அது நகர்ந்ததும் ஜி4 பிஷப்பின் கோணல் திறந்து வெள்ளை ராணி அடிபடுகிறது. சிப்பாயோ மூலையிலிருக்கும் யானையை மிரட்டுகிறது. இரண்டையும் காப்பாற்ற வழியில்லை. யானையை ஜி1-க்கு நகர்த்தினார் வெள்ளை. பிஷப் ராணியை எடுத்தது.

தூசி அடங்கிய பிறகு, அதாவது பதினேழாவது நகர்த்தலில், காய்களை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்கு இரண்டு யானை, இரண்டு பிஷப், ஐந்து சிப்பாய். கறுப்புக்கு ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு பிஷப், ஆறு சிப்பாய். புத்தகக் கணக்கில் யானைக்கு ஐந்து மதிப்பு, குதிரைக்கும் சிப்பாய்க்கும் சேர்த்து நான்கு. அதாவது வெள்ளைக்குத்தான் ஒரு புள்ளி மிச்சம். அத்தனை ஆர்ப்பாட்டமும் வீணா என்று கேட்கத் தோன்றும். ஆனால் வெள்ளை ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. யானைகளுக்குச் சேர்ந்து வேலை செய்யப் பாதை இல்லை. கறுப்பின் இரண்டு பிஷப்புகளுக்கோ பலகை முழுவதும் திறந்து கிடக்கிறது.

பொதுவாக ஆட்டக் குறிப்பு எழுதுகிறவர்கள் ராணி பலி முடிந்ததும் பேனாவை மூடிவிடுவார்கள். எனக்கு இதற்கு அடுத்த பகுதிதான் பிடித்தது. குதிரை டி7 வழியாக சி5-க்கு வந்து வெள்ளையின் டி3 பிஷப்பைக் குறிவைக்கிறது. சமயம் பார்த்து அதை வெட்டுகிறது. ராஜா திருப்பி வெட்டியதும் கறுப்பு பிஷப் ஈ4-இல் இருந்து செக் வைக்கிறது. ராஜா ஈ3-க்கு நகர்கிறார். அடுத்து பி5 என்று ஒரு சின்னச் சிப்பாய் நகர்த்தல். சி4 சிப்பாய் அதை வெட்டினால் டி5-க்குக் காவல் போய்விடும். வெள்ளை வெட்டினார், டி5-உம் விழுந்தது. ஆரம்பத்தில் தோளோடு தோள் நின்ற நான்கு சிப்பாய்களும் இந்த வகையில் காணாமல் போயின.

முடிவும் பிஷப்புகளின் வேலைதான். வெள்ளை பிஷப் எச்6-இல் செக் வைக்கப்போய் ஓரத்தில் தனியாக மாட்டிக்கொண்டது; ராஜா எஃப்4 வரை முன்னேறி வந்துவிட்டார். கறுப்பு ஒரு பிஷப்பை ஈ2-இல், எதிரியின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். பிறகு யானை ஈ4-இல் செக், மற்ற பிஷப் ஈ5-இல் செக், ராஜா எஃப்2-க்கு ஓட்டம். இப்போது யானை எச்4-க்குப் போய் அந்த அநாதை பிஷப்பைத் தாக்கியது. ஈ2 பிஷப்பை ராஜா எடுத்தார், எச்6 பிஷப்பை யானை எடுத்தது. கடைசி வெள்ளைச் சிப்பாய்களும் நிற்க வழியில்லை. சற்று நேரத்தில் காக்ரேன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இதிலிருந்து கிளப் ஆட்டக்காரருக்கு நான் சொல்வது ஒன்றுதான். கறுப்பில் பின்வாங்கி நிற்பது குற்றமில்லை. எப்போது வெளியே வரவேண்டும் என்று தெரியாமல் கடைசிவரை அங்கேயே நிற்பதுதான் குற்றம். மகேஷ்சந்திரர் ஆறு நகர்த்தல் பொறுத்தார். எதிராளி ஒரு காவலை எடுத்த அந்த ஒரு நகர்த்தலுக்குப் பிறகு பொறுக்கவே இல்லை.

எல்லா நாளும் அவருக்கு இப்படி வாய்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1855 மே மாதம் ஆடிய இன்னோர் ஆட்டத்தில், குதிரை எஃப்6, ஜி6 என்று வழக்கம்போலத் தொடங்கிவிட்டு, மூன்றாவது நகர்த்தலில் டி5 என்று சிப்பாயை முன்னால் தள்ளினார். ஆட்டம் காக்ரேனுக்கே போனது. ராணியைப் பலிகொடுத்துக் குதிரையால் மூச்சுமுட்டும் மேட் வைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அதே வரிசையை 1922-இல் வியன்னாக்காரர் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் ஆடினார். அந்த ஆண்டே வியன்னாவில் அலேகினைக் கறுப்பில் தோற்கடித்தார். உலகம் அதற்கு ‘க்ரூன்ஃபெல்ட் தற்காப்பு’ என்று பெயர் வைத்தது. 67 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆட்டம் கொல்கத்தாவில் நடந்துவிட்டது.

பெயர் விஷயத்தில் காக்ரேனுக்கு அதிர்ஷ்டம் அதிகம். 1848-இல் மகேஷ்சந்திரரை எதிர்த்து ஆடிய ஓர் ஆட்டத்தில், பெட்ராஃப் தற்காப்பில் நாலாவது நகர்த்தலிலேயே குதிரையை எஃப்7-இல் பலிகொடுத்தார். அது இன்றும் ‘காக்ரேன் காம்பிட்’ என்றே புத்தகங்களில் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைத்தது நாட்டின் பெயர். ‘இந்தியத் தற்காப்பு’ என்ற சொல் 1884-இல் அச்சில் வருகிறது. மகேஷ்சந்திரரின் ஆட்டங்களை வைத்தே அந்தப் பெயர் என்று அப்போதே சொன்னார்கள். 1920-களில் ரெட்டி, நிம்சோவிச், தார்த்தகோவர் தலைமுறை ‘நடுக்கட்டத்தைச் சிப்பாயால் நிரப்பாதே, தூரத்திலிருந்து தாக்கு’ என்று பெரிய கொள்கையாகப் பேசியபோது, கிங்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன், குயின்ஸ் இந்தியன் என்று குடும்பமே உருவாகிவிட்டது. 1934-இல் பிரிட்டிஷ் செஸ்ஸின் நூற்றாண்டு வரலாற்றை எழுதிய பிலிப் சார்ஜென்ட், ஐரோப்பியர்களுக்கு இந்தத் தற்காப்புகளைக் கற்றுத்தந்ததில் மகேஷ்சந்திரருக்கும் மற்ற இந்தியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார். இந்திய விதிகளில் வளர்ந்த பஞ்சாபின் மீர் சுல்தான் கான் 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆகி, ஹேஸ்டிங்ஸில் கபாபிளாங்காவையே வீழ்த்திய காலம் அது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பிரான்ஸ்டைனும் போலெஸ்லாவ்ஸ்கியும் கிங்ஸ் இந்தியனைக் கூர்தீட்டினார்கள். ஃபிஷரும் காஸ்பரோவும் அதை வைத்து உலகை மிரட்டினார்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். டிங் லிரென் வெள்ளைக் காய்களோடு எடுத்துக்கொண்ட அமைப்பு, க்ரூன்ஃபெல்ட்டைத் திருப்பிப் போட்டதுதான்: ஜி-சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, பிஷப்பை நீண்ட கோணலில் வைத்து, டி-சிப்பாயால் நடுவைத் தாக்குவது. எதிரில் கறுப்போடு உட்கார்ந்த சென்னைப் பையன் குகேஷ், சமநிலை என்று எல்லோரும் முடிவுகட்டிய இறுதியாட்டத்தில் விடாமல் இழுத்து, டிங் யானையை எஃப்2-இல் வைத்த தவறைப் பிடித்து, 18 வயதில் பட்டத்தை வென்றார். கறுப்பு என்று முகம் வாடுகிறவர்களுக்கு இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

மகேஷ்சந்திரரைப் பற்றி நாம் இன்று பேச முடிவதற்குக் காரணம் அவர் நன்றாக ஆடினார் என்பது மட்டுமல்ல. அந்த ஆட்டங்களைக் குறித்துவைத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். ஸ்டாண்டன் நடத்திய செஸ் பத்திரிகையில் கொல்கத்தா ஆட்டங்கள் வந்தன. ‘ராஜாவின் பிஷப் ராணியின் மூன்றாம் கட்டத்துக்கு’ என்று ஒவ்வொரு நகர்த்தலையும் விரித்தெழுதும் பழைய குறிமுறையில், பொடி எழுத்தில் அச்சான அந்தப் பத்திகள் இல்லையென்றால் மொபசல் பிராமணர் ஒரு வதந்தியாகவே போயிருப்பார். அதே காலத்தில் நம் ஊர்த் திண்ணைகளில் எத்தனை பேர் எப்படி ஆடினார்களோ, அவர்கள் பக்கத்தில் எழுதுகிற ஆள் இல்லை. நம் காலத்திலும் கதை அதேதான். மானுவல் ஆரோன் 1972-இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும் என்ற ஏற்பாட்டில் சிறுவன் ஆனந்த் பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டம் ஆடி வளர்ந்தார். பிளிட்ஸில் யாரும் எழுதுவதில்லை. ஒரு சாம்பியனின் பள்ளிக்கூடமே காற்றோடு போயிற்று.

இன்று போட்டிகளில் நகலெடுக்கும் தாளில்தான் நகர்த்தல்களை எழுதுகிறோம். உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயின் விதிப்படி அந்தத் தாள் போட்டியை நடத்துகிறவருக்குச் சொந்தம். பல இடங்களில் பரிசளிப்பு முடிந்ததும் அந்தக் கட்டு பழைய பேப்பரோடு சேர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் தங்கள் நகலைக் கசக்கிப் பையில் திணிக்கிறார்கள். மாவட்டச் சங்கங்களே, கிளப்புகளே, தயவுசெய்து அந்தத் தாள்களை எறியாதீர்கள். கணினியில் ஏற்றிவைக்க ஓர் ஆட்டத்துக்குச் சில நிமிடங்கள் போதும். பெற்றோர்களே, பிள்ளை ஜெயித்த ஆட்டத்தை மட்டுமல்ல, கறுப்பில் தோற்ற ஆட்டத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். க்ரூன்ஃபெல்ட்டுக்கு 67 ஆண்டு முந்திய ஆட்டமும் தோற்ற ஆட்டம்தான். எழுதி வைத்ததால்தான் அது இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது.